ஞாயிறு பிரசங்க வீடியோவைத் தானாக மாற்றிச் சேமிப்பது: ஸ்கிரிப்ட் பாதியில் நிற்கிறது, சத்தம் குறைவு

தோட்டச்சபை_மீடியா கேட்டது:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். பேராக், சுங்கை சிப்புட் அருகே ஒரு தோட்டச் சபைக்காகக் கேட்கிறேன். ஞாயிறு ஆராதனை ஒன்றரை மணி நேரம், அதில் பிரசங்கம் 40 நிமிடம். காம்கோர்டர் ஏவிசிஎச்டி என்ற கேமரா வடிவத்தில் பதிகிறது: 1080ஐ, விநாடிக்கு 50 ஃபீல்டு, 24 எம்பிபிஎஸ். மிக்சரிலிருந்து ஒரு ஒயர் நேரே கேமராவின் மைக் துளைக்குப் போகிறது. மாற்றும் வேலைக்கு நாலு கோர் ஐ5 பழைய மேசைக் கணினி, 8 ஜிபி ரேம், உபுண்டு. எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளை ஓட்டும் ஸ்கிரிப்ட் (தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு) ஒன்று ஃபோல்டரைக் கவனித்துக்கொண்டே இருக்கும், கோப்பு விழுந்ததும் வேலையைத் தொடங்கும்.

வேண்டியது இவ்வளவுதான். கார்டிலிருந்து காப்பி போட்டுவிட்டு வீட்டுக்குப் போனால், திங்கள் காலை மூலக்கோப்பு பத்திரமாக இருக்க வேண்டும். போனில் பார்க்க ஒரு வீடியோவும், லயத்து வீடுகளில் லைன் சரியாகக் கிடைக்காத பெரியவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப ஓர் ஆடியோவும் தயாராக இருக்க வேண்டும்.

இப்போது வரும் கோளாறுகள்: போதகர் கையை அசைத்தால் கையின் ஓரம் சீப்புப் பல் மாதிரி கிழிந்து தெரிகிறது. சபை வெப்சைட்டில் போட்ட வீடியோ, முழுவதும் இறங்கினால்தான் ஓடத் தொடங்குகிறது. சில வாரம் கோப்பு பாதி மட்டும் மாறி நிற்கிறது, ஆனால் எந்தப் பிழையும் காட்டுவதில்லை. ஃபோல்டரில் எட்டுக் கோப்பு இருந்தாலும் முதல் கோப்பு மட்டுமே மாறுகிறது. பாடல் காதைப் பிளக்கிறது, பிரசங்கம் கிணற்றுக்குள் இருந்து கேட்கிறது.

கிந்தா_வீடியோ எழுதியது:

பிரதர், படத்தைப் பற்றி நான் சொல்கிறேன். ஸ்கிரிப்ட், சவுண்டு தெரிந்தவர்கள் பின்னால் வருவார்கள்.

1080ஐயில் ஒரு ஃப்ரேம் என்பது ஒரே நொடிப்பொழுதில் எடுத்த ஒரு படம் இல்லை. ஒற்றைப்படை வரிகள் ஒரு தருணத்திலும், இரட்டைப்படை வரிகள் 50இல் ஒரு விநாடி கழித்தும் எடுக்கப்பட்டவை. பிரசங்க மேடையும் பின்திரையும் அசையாததால் அங்கே வித்தியாசம் தெரியாது. கை மட்டும் அந்த இடைவெளியில் நகர்ந்துவிடும். ஒரு வரியில் கை இங்கே, அடுத்த வரியில் அங்கே. அதுதான் உங்கள் சீப்புப் பல். இந்த இரண்டு வரித் தொகுப்புகளும்தான் ஃபீல்டு. அவற்றை முழுப் படங்களாக்கும் டீஇன்டர்லேஸ் செய்யாமல் மாற்றினால் அந்தக் கிழிசல் படத்திலேயே பதிந்துபோகும்.

எஃப்எஃப்எம்பெக்கில் இதற்கு யாடிஃப், பிடபிள்யூடிஃப் என்று இரண்டு ஃபில்டர் உண்டு. பிடபிள்யூடிஃப் ஓரங்களைச் சுத்தமாகத் தரும். ஆனால் அதன் இயல்பு அமைப்பு ஒவ்வொரு ஃபீல்டையும் ஒரு ஃப்ரேமாக்கி விநாடிக்கு 50 ஃப்ரேம் கொடுக்கும். யாடிஃபின் இயல்பு 25. பிரசங்கத்துக்கு 25 தாராளம், அதனால் பிடபிள்யூடிஃபில் மோடை சென்ட்ஃப்ரேம் என்று வையுங்கள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் அபிநயப் பாட்டு, கிறிஸ்துமஸ் நாடகம் போன்றவற்றுக்கு மட்டும் 50ஐ விட்டுவிடலாம், அசைவு வழுக்கிக்கொண்டு போகும்.

வரிசை முக்கியம்: முதலில் டீஇன்டர்லேஸ், பிறகுதான் 1280க்கு 720 ஆகச் சுருக்க வேண்டும். முதலில் சுருக்கிவிட்டால் இரண்டு ஃபீல்டின் வரிகளும் ஒன்றோடொன்று கரைந்து குழம்பிவிடும். அதற்குப் பிறகு எந்த ஃபில்டர் போட்டாலும் பிரிக்க வராது.

என்கோடிங் (படத்தைச் சுருக்கி எழுதுவது): எச்264 முறை, சிஆர்எஃப் என்ற தர எண் 21, பிரிசெட் மீடியம், பிக்சல் வடிவம் ஒய்யுவி420பி. உச்ச வரம்பு 2500 கேபிபிஎஸ், பஃபர் 5000. கீஃப்ரேம் (முழுப் படமாகச் சேமிக்கப்படும் ஃப்ரேம்) 50 ஃப்ரேமுக்கு ஒன்று, அதாவது 2 விநாடிக்கு ஒருமுறை. ஆடியோவை அப்படியே காப்பி செய்யாதீர்கள். ஏவிசிஎச்டியில் பொதுவாக இருப்பது ஏசி3 என்ற ஒலி வடிவம், பல போன்களும் பிரவுசர்களும் அதை வாசிக்காது, படம் ஓடும் சத்தம் வராது. ஏஏசிக்கு மாற்றுங்கள். உங்கள் ஐ5 ஒன்றரை மணி ஆராதனையை ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடும்.

முழுவதும் இறங்கினால்தான் ஓடுகிறது என்பதற்குக் காரணம், எம்பி4 கோப்பின் உள்ளடக்க அட்டவணை. மூவ் ஆட்டம் என்பார்கள். எந்த ஃப்ரேம் எந்த பைட்டில் இருக்கிறது என்று அதில்தான் எழுதியிருக்கும். எல்லாம் எழுதி முடித்தபின்தான் அட்டவணை தெரியும் என்பதால் எஃப்எஃப்எம்பெக் அதைக் கோப்பின் கடைசியில் வைக்கும். மூவ்ஃபிளாக்ஸ் என்ற தெரிவில் ஃபாஸ்ட்ஸ்டார்ட் சேர்த்தால், முடிந்ததும் அட்டவணையைத் தூக்கி முன்னால் வைத்துவிடும். ஏற்கெனவே மாற்றிய பழைய கோப்புகளை மறுபடி என்கோட் செய்ய வேண்டாம். படம், ஒலி இரண்டையும் காப்பி முறையில் ஃபாஸ்ட்ஸ்டார்ட்டோடு ஒரு தடவை ஓட்டினால் போதும், ஒரு நிமிட வேலை.

எட்டுக் கோப்பு என்கிறீர்களே, அவை எட்டுத் தனிப் பதிவுகள் இல்லை. ஏறத்தாழ 2 ஜிபி ஆனதும் கேமரா அடுத்த கோப்புக்குப் போகிறது. கேமராவுக்குக் கேமரா இந்த எல்லை மாறும், சிலவற்றில் 4 ஜிபி. வெட்டு பைட் கணக்கில் விழுகிறது, சொல்லின் நடுவிலும் விழும். ஒவ்வொன்றையும் தனியாக மாற்றிப் பிறகு ஒட்டினால் ஒட்டுமிடத்தில் ஒலி ஒரு துளி விழுங்கப்படும். கேமரா எழுதும் இந்த எம்டிஎஸ் கோப்புகளை மாற்றுவதற்கு முன்பே லினக்ஸின் கேட் கட்டளையால் வரிசையாக இணைத்து ஒரே கோப்பாக்குங்கள். முழு அளவில் இருக்கும் துண்டு அடுத்ததில் தொடர்கிறது என்று அர்த்தம்; அளவு குறைந்த துண்டோடு அந்தப் பதிவு முடிகிறது. நடுவில் யாராவது ஸ்டாப் அழுத்தி மறுபடி ஸ்டார்ட் அழுத்தியிருந்தால் அது வேறு பதிவு. அதைக் கேட்டில் சேர்த்தால் நேரக்குறி மறுபடி முதலிலிருந்து தொடங்கி, ஒலியும் உதட்டசைவும் விலகிப்போகும்.

இரவு_கியூ எழுதியது:

பாதியில் நிற்பது, முதல் கோப்போடு நிற்பது இரண்டும் ஸ்கிரிப்ட் கோளாறுதான்.

முதலாவது. ஃபோல்டரில் கோப்பு தோன்றிய உடனே உங்கள் ஸ்கிரிப்ட் பாய்கிறது. ஆனால் கார்டிலிருந்து காப்பி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. எஃப்எஃப்எம்பெக் அந்த நேரத்தில் கைக்கு எட்டியவரை வாசிக்கும், கோப்பு முடிந்தது என்று நினைக்கும், வெற்றி என்றே தகவல் கொடுக்கும். எம்டிஎஸ் பாதியில் அறுந்தாலும் வாசிக்கக்கூடிய வடிவம் என்பதால் பிழையும் வராது. கார்டு ரீடர் வேகமாக இருந்த வாரம் தப்பித்திருப்பீர்கள்.

தீர்வு: காப்பியை முதலில் 'வரவு' என்ற ஃபோல்டரில் போட வேண்டும், முழுவதும் முடிந்த பிறகு 'வேலை' ஃபோல்டருக்குப் பெயர்மாற்றமாக நகர்த்த வேண்டும். இரண்டும் ஒரே டிஸ்க் பகுதியில் இருந்தால் அந்த நகர்த்தல் ஒரே நொடியில், முழுசாக நடக்கும். பாதி நிலை என்று ஒன்று கிடையாது. ஸ்கிரிப்ட் 'வேலை'யை மட்டும் பார்க்கட்டும். காப்பி போடுபவருக்கு இந்த ஒழுங்கு கஷ்டம் என்றால், கடைசி 3 நிமிடத்தில் எந்தக் கோப்பின் அளவும் மாறவில்லை என்று உறுதிசெய்த பிறகு தொடங்கும்படி எழுதுங்கள். துண்டுகளை இணைக்கும் வேலைக்கும் இது அவசியம், எட்டாவது துண்டு வருவதற்குள் ஏழோடு இணைத்துவிடக் கூடாது.

இரண்டாவது இன்னும் நுணுக்கமானது. கோப்புப் பட்டியலை வைல் ரீட் வளையத்தில் (வரி வரியாக வாசித்துத் திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) வாசித்து, உள்ளே எஃப்எஃப்எம்பெக்கை அழைக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். எஃப்எஃப்எம்பெக் ஓடும்போது விசைப்பலகையையும் கவனிக்கும், கியூ அழுத்தினால் நிறுத்துவதற்காக. வளையத்துக்குள் அதற்கு விசைப்பலகை என்பது உங்கள் கோப்புப் பட்டியல்தான்! மிச்சம் ஏழு பெயரையும் அது விசை அழுத்தம் என்று விழுங்கிவிடும். வளையம் திரும்பி வந்து பார்க்கும்போது பட்டியல் காலி. சில நேரம் அடுத்த பெயரின் முதல் சில எழுத்து மட்டும் காணாமல் போய் 'கோப்பு இல்லை' என்றும் வரும். எஃப்எஃப்எம்பெக் கட்டளையில் நோஎஸ்டிடிஇன் என்ற தெரிவைச் சேர்த்தால் தீர்ந்தது.

மற்றபடி இவற்றையும் செய்யுங்கள். கிரானில் (குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கும் வசதி) 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடட்டும், ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் ஓட எஃப்லாக் கட்டளை போட்டுப் பூட்டுங்கள். இல்லாவிட்டால் முதல் வேலை முடியும் முன் இரண்டாவது தொடங்கி, இரண்டும் ஒரே கோப்பில் எழுதும். வெளியீடு முதலில் தற்காலிகப் பெயரில் எழுதப்பட வேண்டும், முடிந்த பிறகே உண்மையான பெயர். சாயந்தரம் இடி மின்னலில் கரண்ட் போனால் பாதி எம்பி4 மிஞ்சும், அட்டவணை இல்லாத அந்தக் கோப்பு எதிலும் திறக்காது. தற்காலிகப் பெயரில் இருந்தால் அடுத்த ஓட்டம் அதை அழித்துவிட்டு மறுபடி தொடங்கும். சின்ன யுபிஎஸ் ஒன்று வாங்கி வையுங்கள், மழைக்காலத்தில் அது டிஸ்க்கின் உயிரையும் காக்கும்.

முடிந்ததும் எஃப்எஃப்எம்பெக்கோடு வரும் எஃப்எஃப்புரோப் கருவியை வைத்து மூலத்தின் நீளத்தையும் வெளியீட்டின் நீளத்தையும் ஒப்பிடுங்கள். 2 விநாடிக்கு மேல் வித்தியாசம் என்றால் 'பிழை' ஃபோல்டர். இந்த ஒரு சோதனை இருந்திருந்தால் பாதி வீடியோ வெப்சைட்டுக்கே போயிருக்காது. மூலத்தை அழிக்கும் வேலையை மட்டும் எந்த ஸ்கிரிப்டிடமும் கொடுக்காதீர்கள்.

பாமாயில்_பிட்ஸ் எழுதியது:

அடுத்த தலைமுறை எச்265இல் போட்டால் கிட்டத்தட்ட பாதி இடம் போதுமே? எதற்கு இன்னும் எச்264?

கிந்தா_வீடியோ எழுதியது:

இடத்துக்கு நல்லதுதான், பார்ப்பவருக்கு நல்லதில்லை. பழைய ஆண்ட்ராய்டு போனில் எச்265 திக்கித் திணறும் அல்லது கறுப்புத் திரை காட்டும். தோட்டத்துப் பெரியவர்கள் கையில் பிள்ளைகள் பயன்படுத்திக் கொடுத்த பழைய போன்தான் இருக்கிறது. அவர்களுக்காகத்தானே இந்த வேலையே. தவிர, அந்த ஐ5இல் எச்265 என்கோடிங் பல மடங்கு நேரம் எடுக்கும். நிலையாக நிற்கும் ஒரு மேடைக் காட்சி எச்264இலேயே பெரும்பாலும் 1 முதல் 1.5 எம்பிபிஎஸ்சுக்குள் அடங்கிவிடும், மிச்சப்படுத்த அங்கே அதிகம் இல்லை. ஆலயத்துக்குள் வெளிச்சம் குறைவென்றால் படத்தில் வரும் புள்ளி இரைச்சல்தான் பிட்டைத் தின்னும். மேடைக்கு ஒரு விளக்கு கூடுதலாகப் போடுவது எந்தக் கோடெக்கையும் விடப் பலன் தரும்.

சவுண்டு_மேசை எழுதியது:

ஒலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். படம் மங்கினாலும் பிரசங்கம் பிரசங்கம்தான். ஒலி போனால் ஒன்றும் மிஞ்சாது.

முழு ஆராதனைக்கும் சேர்த்து ஒலி அளவைச் சரிசெய்தால் பிரசங்கம் எப்போதும் தோற்கும். டிரம்ஸும் கீபோர்டும் சராசரியை மேலே தூக்கிவிடும், பேச்சு கீழேயே கிடக்கும். ஆகவே முதலில் பிரசங்கத்தை வெட்டியெடுங்கள், பிறகு அளவைச் சரிசெய்யுங்கள். தொடக்க நேரம், முடிவு நேரம் இரண்டையும் யாராவது ஒருவர் ஒரு சின்ன உரைக்கோப்பில் எழுதி வீடியோவோடு போட்டால் ஸ்கிரிப்ட் வாசித்துக்கொள்ளும். இது ஒன்று மட்டும் மனிதக் கை செய்ய வேண்டிய வேலை.

ஒலி அளவைச் சமன்படுத்தும் லவுட்நார்ம் ஃபில்டரை இரண்டு சுற்றாக ஓட்டுங்கள். முதல் சுற்று அளப்பதற்கு மட்டும். அது தரும் எண்களை இரண்டாம் சுற்றில் கொடுத்து, லீனியர் (முழுவதையும் ஒரே அளவில் ஏற்றுவது) என்பதை உண்மை என்று வையுங்கள். இலக்கு மைனஸ் 16 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு), உச்சம் மைனஸ் 1.5 டெசிபெல். ஒரே சுற்றில் ஓட்டினால் அது நொடிக்கு நொடி ஒலியை ஏற்றி இறக்கும்: போதகர் ஒரு வசனத்தைச் சொல்லி நிறுத்தும் மௌனத்தில் மின்விசிறிச் சத்தம் பெருகி எழும்பும், அவர் மறுபடி பேசியதும் அமுங்கும். கேட்பவருக்கு மூச்சு வாங்குவது போலிருக்கும். இரண்டு சுற்று ஓட்டியும் அப்படிக் கேட்டால், உச்ச வரம்பு இடிக்கிறது அல்லது ஒலி ஏற்ற இறக்கத்தின் அகலம் இலக்கை மீறுகிறது என்று அர்த்தம், லவுட்நார்ம் லீனியரைக் கைவிட்டுவிட்டது. முன்னால் ஒரு மெல்லிய கம்ப்ரசர் (உரத்த ஒலியை அமுக்கும் ஃபில்டர்) போட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

இன்னொன்று: அந்த ஏற்றி இறக்கும் முறையில் லவுட்நார்ம் ஒலியை 192 கிலோஹெர்ட்சுக்கு ஏற்றிவிடும். இறுதியில் 48000 என்று நீங்களே குறிப்பிடாவிட்டால் ஏஏசி 96 கிலோஹெர்ட்சில் வந்து நிற்கும், சில போன்களில் ஓடாது.

மின்விசிறி உறுமலுக்கு 80 ஹெர்ட்சில் ஒரு ஹைபாஸ் (அதற்குக் கீழான ஒலியைக் குறைக்கும் ஃபில்டர்) போதும். இரைச்சல் நீக்கும் ஃபில்டர்களை அள்ளிப் போடாதீர்கள். ஸகரம், ஷகரம் எல்லாம் கரைந்து, பேசுபவர் தண்ணீருக்குள் இருந்து பேசுவது போல ஆகிவிடும்.

வாட்ஸ்அப் ஆடியோவுக்கு ஏஏசி, மோனோ, 48 கேபிபிஎஸ், எம்4ஏ கோப்பு. 40 நிமிடத்துக்கு 14.4 எம்பி. 16 எம்பிக்குள் இருந்தால் அனுப்புவதில் சிக்கல் வராது, பிரீபெய்டு டேட்டாவும் கரையாது.

தோட்டச்சபை_மீடியா எழுதியது:

மிக்க நன்றி. நோஎஸ்டிடிஇன் சேர்த்தேன், எட்டும் வரிசையாக எடுக்கிறது. ஃபாஸ்ட்ஸ்டார்ட் போட்ட வீடியோ தட்டியதும் ஓடுகிறது. இரண்டு சந்தேகம். மூலக்கோப்புகளை எவ்வளவு காலம் வைப்பது? சொந்த வெப்சைட்டிலேயே எச்எல்எஸ் ஆக (வீடியோவைச் சிறு துண்டுகளாக, பல தரங்களில் வெட்டி அனுப்பும் முறை) போடலாமா, யூடியூப் போதுமா?

பழைய_டிஸ்க் எழுதியது:

கணக்குப் போட்டுப் பாருங்கள். 24 எம்பிபிஎஸ் என்றால் விநாடிக்கு 3 எம்பி. ஒன்றரை மணி நேரம் 16.2 ஜிபி, 52 ஞாயிறுக்கு 842 ஜிபி. பிரசங்கம் மட்டும் என்றால் வாரம் 7.2 ஜிபி, வருடம் 374 ஜிபி. 4 டெராபைட் டிஸ்க் ஒன்றில் முழு ஆராதனையாகவே நாலு வருடத்துக்கு மேல் வைக்கலாம். எனவே மூலத்தை அழிக்க அவசரம் வேண்டாம். ஆனால் டிஸ்க் இரண்டு வேண்டும், ஒன்று ஆலயத்தில், இன்னொன்று வேறு வீட்டில். வெள்ளமோ மின்னலோ இரண்டையும் ஒரே நாளில் எடுக்காது. காப்பி போட்ட அன்றே எஸ்எச்ஏ256 சரிபார்ப்பு எண்ணை எழுதிவைத்து, வருடம் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கோப்புப் பெயரில் கவனம். கேமரா 00000, 00001 என்றே பெயர் வைக்கும். கார்டை ஃபார்மட் செய்தால் பல கேமராக்களில் எண் மறுபடி பூஜ்யத்திலிருந்து வரும், போன மாதப் பிரசங்கத்தின் மேல் இந்த மாதம் எழுதப்படும். உள்ளே வந்ததும் தேதிப் பெயர் வையுங்கள், வருடம் முன்னால்: 2025-03-16 என்பது போல. கேமராவின் கடிகாரத்தை முதலில் சரிபாருங்கள்.

பிரசங்கத் தலைப்பைத் தமிழிலேயே கோப்புப் பெயராக வைக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் எல்லை. யுடிஎஃப்8இல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். 'பரலோகராஜ்யம்' கண்ணுக்கு 8 எழுத்து. புள்ளியும் கால்களும் தனிக் குறியீடு என்பதால் கணினிக்கு 12, அதாவது 36 பைட். மொத்தம் 85 குறியீட்டோடு இடம் தீர்ந்தது. நீண்ட தலைப்பும் வசன இடமும் போதகர் பெயரும் சேர்ந்தால் விண்டோஸில் இருந்த கோப்பு உபுண்டுவுக்குக் காப்பி ஆகாது. தமிழ்த் தலைப்பைக் கோப்புக்குள் இருக்கும் டைட்டில் குறிப்பில் எழுதுங்கள், பல போன் பிளேயர்களில் அதுதான் தெரியும்.

எச்எல்எஸ் உங்கள் அளவுக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. 6 விநாடித் துண்டாக வெட்டினால் ஒன்றரை மணிக்கு 900 துண்டு, மூன்று தரத்துக்கு 2700. பகிர்வு ஹோஸ்டிங்கில் கோப்பு எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, சில மாதத்தில் முட்டிக்கொள்ளும். யூடியூபில் 720 ஒன்றை ஏற்றினால் மற்ற தரங்களை அதுவே செய்துகொள்ளும். கணக்கை போன் எண்ணால் சரிபார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் 15 நிமிடத்துக்கு மேல் ஏற்ற விடாது. ஏற்றும் வேகம் 10 எம்பிபிஎஸ் என்றால் 16.2 ஜிபி மூலத்துக்கு மூன்றரை மணிக்கு மேல் ஆகும், 1 ஜிபி வீடியோவுக்குக் கால் மணி கூட ஆகாது. மாற்றிய பிறகே ஏற்றுங்கள்.

பொதுவில் போடுவது பிரசங்கம் மட்டுமாக இருக்கட்டும். பாடல்களுக்குக் காப்புரிமைக் கோரிக்கை வரும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஜெப நேரம். யாருக்கு என்ன நோய், யார் வீட்டில் என்ன கஷ்டம் என்று பெயர் சொல்லி ஜெபிப்பார்கள். அது சபைக்குள் சொன்னது, இணையத்துக்குச் சொன்னதில்லை.

தோட்டச்சபை_மீடியா எழுதியது:

பிரசங்கம் மட்டும் வெட்டி மோனோ ஆடியோ எடுத்துப் பார்த்தேன். குரல் கிட்டத்தட்ட காணாமல் போய்விட்டது. எங்கோ தூரத்தில் எதிரொலி மாதிரி கேட்கிறது. ஆனால் மூலத்தை இயர்போனில் கேட்டால் நன்றாகவே இருக்கிறது. லவுட்நார்ம் எடுத்துவிட்டும் அதே கதை.

சவுண்டு_மேசை எழுதியது:

லவுட்நார்ம் மேல் குற்றமில்லை தம்பி, ஒயரில்தான். மிக்சரின் பேலன்ஸ்டு அவுட்டிலிருந்து மூன்று முனை பிளக் எடுத்து, கேமராவின் ஸ்டீரியோ மைக் துளையில் செருகியிருக்கிறீர்கள். பேலன்ஸ்டு ஒயரில் ஒரு கம்பியில் குரல் நேராகவும் மற்றதில் தலைகீழாகவும் போகும். கேமரா அவற்றை இடது, வலது என்று நினைத்துப் பதிந்துவிட்டது. இயர்போனில் இரண்டும் தனித்தனிக் காதுக்குப் போவதால் தெரியாது. மோனோவாகக் கூட்டும்போது ஒன்றை ஒன்று அழித்துவிடும். ஒரே ஸ்பீக்கர் உள்ள போனில் வீடியோ பார்ப்பவருக்கும் இதேதான் நடந்திருக்கும். 'சத்தம் குறைவு' என்று வந்த புகார்களில் பாதி இதுவாக இருக்கலாம்.

பழைய பதிவுகள் வீண் இல்லை. இரண்டையும் கூட்டாமல் இடது சேனலை மட்டும் எடுங்கள்: பேன் ஃபில்டரில் மோனோ, சி0 சமம் சி0. அதை லவுட்நார்முக்கு முன்னால் வையுங்கள். வீடியோவின் ஒலிக்கும் இதையே செய்யுங்கள்.

அடுத்த ஞாயிறுக்கு முன் ஒயரை மாற்றுங்கள். மிக்சரின் ஆக்ஸ் அவுட்டிலிருந்து (தனி அளவுக் குமிழ் உள்ள துணை வெளியீடு) இரண்டு முனை மோனோ பிளக், கேமரா பக்கம் இடது வலது இரண்டுக்கும் ஒரே கம்பி. நடுவில் 40 டெசிபெல் அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் இணைப்பு) கட்டாயம். மைக் துளை எதிர்பார்ப்பது சில மில்லிவோல்ட், மிக்சர் தருவது ஒரு வோல்ட் அளவில். அது இல்லாமல் போதகர் குரல் உயர்த்தினால் அலையின் தலை மொட்டையாக வெட்டப்பட்டுப் பதியும், அதை எந்த ஃபில்டரும் திரும்ப வளர்க்காது. செருகியதும் கேமராவின் மீட்டரைப் பார்த்து, உரக்கப் பேசும்போது மைனஸ் 12 டெசிபெல் பக்கம் நிற்கும்படி ஆக்ஸைத் திருப்பி, அந்தக் குமிழ் பக்கத்தில் ஒரு டேப் ஒட்டிக் கோடு போட்டுவிடுங்கள்.